கடைமடைக்கும் கணினி

நுழையும்முன்

ஒன்றாக இருப்பதைப் பலருக்கும் பகிர்ந்தளிப்பது ஒரு கலை. எவருக்கும் குறையாமல் பகிர்ந்தளிப்பது ஒரு பொறுப்பு. காவிரி நீரைப் பகிர்ந்து வாழும் தஞ்சை மண்ணுக்கு இவ்விரண்டும் புதியன அல்ல. ஒரு கணினியின் ஆற்றலைப் பல திரைகளுக்குப் பிரித்து வழங்கும் மெய்நிகராக்கம் எவ்வாறு இயங்குகிறது, அதனை அமைப்பதிலும் பேணுவதிலும் கருத்தில் கொள்ள வேண்டியவை யாவை என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

தலைமடையும் கடைமடையும்

தஞ்சாவூர் மாவட்டத்தில், கல்லணைக்குக் கிழக்கே, காவிரிக்கரையில் அமைந்த ஊர் திருக்காட்டுப்பள்ளி. காவிரியிலிருந்து குடமுருட்டி ஆறு பிரிவது இவ்வூரை ஒட்டித்தான். மேட்டூர் அணையிலிருந்து திறந்துவிடப்படும் நீர் கல்லணையை அடைந்ததும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிக்கப்படுகிறது. மிகுநீர் கொள்ளிடத்தில் விடப்படுகிறது. காவிரியில் வந்த நீர் திருக்காட்டுப்பள்ளியில் மீண்டும் பிரிகிறது. ஆறுகள் வாய்க்கால்களாகவும், வாய்க்கால்கள் கன்னி வாய்க்கால்களாகவும் பிரிந்து இறுதியில் ஒரு வயலின் மடைவாயை அடைகின்றன.

ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மதகு உண்டு. அம்மதகை ஏற்றி இறக்கும் பணியாளரை இப்பகுதி மக்கள் லஸ்கர் என்று அழைப்பர். எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு நீர், எத்தனை நாளுக்கு என்னும் கணக்கின்படி அவர் மதகை இயக்குவார். நீர் குறைந்த காலத்தில் முறை வைத்து விடுவார். வயலில் நிற்கும் உழவர் மேட்டூரைக் கண்டதில்லை. அதன் நீர்மட்டத்தை அளந்ததும் இல்லை. தம் மடைவாயில் நீர் வந்தால் போதும், தமக்கென ஓர் ஆறு ஓடுவதாகவே அவர் வேளாண்மை செய்வார்.

இப்பாசன அமைப்பைத் தலைமடையில் நின்று எவரும் மதிப்பிடுவதில்லை. அங்கே நீர் எப்போதும் பெருகித்தான் ஓடும். கல்லணைக் கால்வாயின் கடைசிப் பகுதியான பேராவூரணி, சேதுபாவாசத்திரம் வட்டார வயல்களுக்கு நீர் சேர்ந்ததா என்பதே ஆண்டுதோறும் எழும் கேள்வி. கடைமடைக்கு நீர் சேர்ந்தால்தான் பாசனம் நடந்ததாகப் பொருள்.

இதே கேள்வியைப் பள்ளியின் கணினி ஆய்வகத்திலும் கேட்கலாம். கருவிகள் வந்து இறங்கின என்பது தலைமடைச் செய்தி. கடைசி வரிசையில் அமர்ந்த மாணவியின் திரையில் பாடம் திறந்ததா என்பது கடைமடைச் செய்தி. இவ்விரண்டுக்கும் இடையில் உள்ளதே நாம் கற்கவிருக்கும் அமைப்பு.

மெய்நிகராக்கம் என்பது யாது?

ஒரு கணினியில் மையச் செயலகம், நினைவகம், சேமிப்பகம், வலையமைப்பு அட்டை ஆகிய வன்பொருள்கள் உள்ளன. வழக்கமாக இவற்றின்மீது ஓர் இயக்க அமைப்பு அமர்ந்து, எல்லாவற்றையும் தானே ஆளும். மாணவர் ஒருவர் திரையில் ஒரு பத்தியைப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மையச் செயலகம் ஏறக்குறைய வேலையின்றி இருக்கும். இருபது மாணவர்க்கு இருபது கணினிகள் இருந்தால், இருபதின் ஆற்றலும் பெரும்பகுதி நேரம் பயன்படாமலே கழியும்.

இந்நிலையை மாற்ற, வன்பொருளுக்கும் இயக்க அமைப்புக்கும் நடுவில் ஒரு மென்பொருள் அடுக்கு வைக்கப்படுகிறது. இதற்கு ஹைப்பர்வைசர் என்பது பெயர். இது வன்பொருளின் ஆற்றலைப் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கையும் ஒரு முழுக் கணினியைப் போலத் தோன்றச் செய்கிறது. அவ்வாறு தோன்றும் கணினியை மெய்நிகர்ப் பொறி என்பர். அதற்குள் நிறுவப்பட்ட இயக்க அமைப்பு, தான் ஒரு தனிக் கணினியில் இயங்குவதாகவே கருதும். பக்கத்துப் பொறியில் பிழை நேர்ந்தாலும் இது பாதிக்கப்படுவதில்லை. மதகை இயக்கும் லஸ்கரின் பணியைக் கணினிக்குள் செய்வது ஹைப்பர்வைசரே.

ஹைப்பர்வைசர் இருவகைப்படும். வன்பொருளின்மீது நேரடியாக அமர்வது முதல் வகை. விஎம்வேர் இஎஸ்எக்ஸ்ஐ, மைக்ரோசாப்ட் ஹைப்பர்-வி, சென் ஆகியன இவ்வகையின. முன்பே நிறுவப்பட்ட ஓர் இயக்க அமைப்பின்மீது சாதாரண மென்பொருள்போல நிறுவப்படுவது இரண்டாம் வகை. விர்ச்சுவல்பாக்ஸ் இதற்கு எடுத்துக்காட்டு. கற்றுப் பழகுவதற்கு இரண்டாம் வகை ஏற்றது. பலர் நாள்தோறும் பயன்படுத்தும் கட்டமைப்புக்கு முதல் வகையே பொருந்தும்.

ஆற்றுநீர் உவமை ஓரிடத்தில் நின்றுவிடும் என்பதையும் அறிதல் வேண்டும். ஒரு வயல் குடித்த நீர் அன்றே மற்றொரு வயலுக்குத் திரும்பாது. மையச் செயலகத்தின் நேரமோ, ஒருவர் பயன்படுத்தாத நொடியின் சிறு பகுதியிலேயே மற்றொருவருக்குக் கிடைத்துவிடும். அதனால்தான் உள்ளதைவிட மிகுதியாகப் பங்கிட்டுக் கொடுக்கவும் இங்கே இயலுகிறது. நினைவகம் அவ்வாறன்று. ஒருவருக்குக் கொடுத்த நினைவகம் அவர் விடுவிக்கும்வரை பெரும்பாலும் அவருடையதே. இவ்வேறுபாடு பின்னர் வரும் கணக்கில் நமக்குப் பயன்படும்.

பகிர்வின் வரலாறு

கணினி விலைமிக்க பொருளாக இருந்த காலத்தில் பகிர்வே இயல்பாக இருந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் ஐபிஎம் 370/155 கணினி நிறுவப்பட்டது. தனித்தனிக் கணினி என்பதை எண்ணியும் பாராத காலம் அது. மாணவர்களும் ஆய்வாளர்களும் துளையிட்ட அட்டைகளில் நிரலைப் பதித்துக் கொடுத்துவிட்டு, விடைக்காகக் காத்திருப்பர்.

காத்திருப்பைப் போக்கும் முயற்சிகளுள் ஒன்றாகவே மெய்நிகர்ப் பொறி தோன்றியது. அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையம் 1960களில் இதனை உருவாக்கியது. 1972இல் விஎம்/370 என்னும் பெயரில் அந்நிறுவனம் இதனை வெளியிட்டது. 1974இல் ஜெரால்டு போப்பெக், ராபர்ட் கோல்டுபர்க் என்னும் இரு அறிஞர்கள், மெய்நிகர்ப் பொறிக்கான மூன்று இயல்புகளை வரையறுத்தனர். நிரல் உண்மைக் கணினியில் இயங்குவதுபோலவே மெய்நிகர்ப் பொறியிலும் இயங்க வேண்டும். வளங்கள் முழுவதும் மேற்பார்வை மென்பொருளின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். கட்டளைகளுள் பெரும்பாலானவை குறுக்கீடின்றி வன்பொருளிலேயே நேரடியாக இயங்க வேண்டும்.

1981இல் ஐபிஎம் தனியாள் கணினி வெளிவந்தது. விலை குறையக் குறைய, ஆளுக்கொரு கணினி என்னும் வழக்கம் பரவியது. பகிர்வின் தேவை மறைந்ததுபோலத் தோன்றிற்று. ஆனால் அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கணினிகள் பெருகியபோது, ஒவ்வொன்றையும் தனித்தனியே பழுதுபார்ப்பதும் புதுப்பிப்பதும் பெருஞ்சுமையாயின. பழைய எண்ணம் மீண்டும் உயிர்பெற்றது. தனியாள் கணினிகளின் செயலி அமைப்பு, போப்பெக்கும் கோல்டுபர்க்கும் கூறிய வரையறைக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் அத்தடையை மென்பொருள் நுட்பத்தால் கடந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவான சென் 2003இல் வெளிவந்தது. 2005இல் இன்டெல் நிறுவனமும் 2006இல் ஏஎம்டி நிறுவனமும் மெய்நிகராக்கத்துக்கான துணையைச் செயலியிலேயே அமைத்தன. 2007இல் கேவிஎம் லினக்ஸ் கருவகத்தில் சேர்க்கப்பட்டது. அதன்பின் கட்டணமின்றியே இத்தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் வழி எல்லாருக்கும் திறந்தது.

மேசைத்தள மெய்நிகராக்கம்

மாணவர் பயன்படுத்தும் முழு மேசைத்தளத்தையும் சேவையகத்தில் இயக்கி, அதன் திரைக்காட்சியை மட்டும் அவர்முன் கொண்டுவருவது மேசைத்தள மெய்நிகராக்கம். மாணவர்முன் இருக்கும் சிறு கருவியை மெலிமுனையம் என்பர். திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றை இணைப்பதும், சேவையகத்துடன் பேசுவதுமே அதன் வேலை. சேமிப்பகமும் வேகமான செயலியும் அதற்கு வேண்டுவதில்லை. ஆதலால் அது பழுதடைவது அரிது, மின்செலவும் குறைவு.

மாணவி ஒருவர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் உள்ளிடுகிறார் எனக் கொள்வோம். அவ்விவரம் முதலில் இணைப்பு முகவர் என்னும் மென்பொருளை அடைகிறது. முகவர் அவருடைய கணக்கைச் சரிபார்த்து, அவருக்குரிய மெய்நிகர்ப் பொறியைத் தேர்ந்து இணைத்துவிடுகிறது. அதன்பின் அவர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் சேவையகத்துக்குச் செல்கிறது; மாறிய திரைப்பகுதி படமாகத் திரும்பி வருகிறது. கோப்பு சேவையகத்தைவிட்டு வெளியேறுவதே இல்லை. மெலிமுனையம் பழுதானால் அடுத்த இருக்கையில் அமர்ந்து, விட்ட இடத்திலிருந்து அவர் தொடரலாம்.

இதனை வழங்குவதில் இரண்டு முறைகள் உள்ளன. ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெய்நிகர்ப் பொறி கொடுப்பது ஒரு முறை. இது தனித்தனி வீடு கட்டிக்கொடுப்பது போன்றது. ஒரே இயக்க அமைப்பில் பலருக்கும் தனித்தனி அமர்வுகள் கொடுப்பது மற்றொரு முறை. இது ஒரு வீட்டில் பல அறைகளை ஒதுக்குவது போன்றது. அறை ஒதுக்குதலில் செலவு குறையும். ஆயினும் வீட்டின் அடுக்களையில் தீப்பிடித்தால் எல்லா அறையினரும் வெளியேற நேரிடும்.

தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. உயர்நிலைப் பள்ளிக்குப் பத்து, மேல்நிலைப் பள்ளிக்கு இருபது கணினிகள் என்பது அவற்றின் அடிப்படை அளவு. ஒரு சேவையகமும் அதனோடு பிணைந்த மெலிமுனையங்களும் கொண்ட அமைப்பை இத்தகைய ஆய்வகங்களில் காணலாம். உங்கள் ஆய்வகத்தில் திரைக்குப் பின்னால் ஒரு சிறு பெட்டி மட்டும் இருந்தால், நீங்கள் பயன்படுத்தும் கணினி உண்மையில் எங்கே இயங்குகிறது என்று ஆசிரியரிடம் கேட்டறியுங்கள்.

மென்பொருள் மெய்நிகராக்கம்

முழு மேசைத்தளமும் தேவைப்படாமல், ஒரே ஒரு மென்பொருள் மட்டும் தேவைப்படும் இடங்கள் பல. அங்கே மென்பொருள் மெய்நிகராக்கம் பயன்படுகிறது. இதுவும் இருவழிகளில் அமையும்.

முதல் வழியில், மென்பொருள் சேவையகத்தில் இயங்கும். அதன் சாளரம் மட்டும் பயனர் திரையில் தோன்றும். 1989இல் தொடங்கப்பட்ட சிட்ரிக்ஸ் நிறுவனம் இத்துறையில் முன்னோடி. இரண்டாம் வழியில், மென்பொருளும் அதற்கு வேண்டிய துணைக்கோப்புகளும் ஒரே பொதியாகக் கட்டப்பட்டுப் பயனரின் கணினிக்கு அனுப்பப்படும். அப்பொதி தனக்குள்ளேயே இயங்கும். கணினியின் மற்றப் பகுதிகளை மாற்றாது. ஆதலால் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரு பதிப்புகளையும் ஒரே கணினியில் அருகருகே இயக்கலாம்.

தமிழ்க் கணிமையிலேயே இதன் தேவையை உணரலாம். யூனிகோடு பரவுவதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருக் குறியாக்கத்தை வைத்திருந்தது. தமிழக அரசு 1999இல் தமிழ்நெட் 99 விசைப்பலகையையும் பொதுக் குறியாக்கங்களையும் ஏற்றது. 2010இல் யூனிகோடும் டேஸ் 16 குறியாக்கமும் தரமாக ஏற்கப்பட்டன. அதற்கு முன்பு தட்டச்சிட்ட ஆவணங்களுள் சில, அக்காலத்து மென்பொருளும் எழுத்துருவும் இல்லையெனில் பொருளற்ற குறிகளாகவே திரையில் தோன்றும். பழைய மென்பொருள் இன்றைய இயக்க அமைப்பில் நிறுவ இசையாதபோது, பழைய இயக்க அமைப்பை ஒரு மெய்நிகர்ப் பொறியில் நிறுவி, அதனுள் அம்மென்பொருளை இயக்கலாம். வலையமைப்பிலிருந்து அப்பொறியைப் பிரித்து வைத்தல் பாதுகாப்பானது. பழைய கணினி மறைந்தபின்பும் அதில் எழுதப்பட்ட தமிழ் மறையாமல் காக்க இஃது ஒரு வழி.

இணையச் சேவையையும் மென்பொருள் மெய்நிகராக்கத்தையும் ஒன்றெனக் கருதுதல் கூடாது. உழவர் ஒருவர் இ-சேவை மையத்தில் தம் நிலத்தின் சிட்டாவைப் பெறும்போது, உலாவியில் இயங்குமாறு முன்பே எழுதப்பட்ட சேவை ஒன்றைப் பயன்படுத்துகிறார். மேசைக்கணினிக்கென எழுதப்பட்ட மென்பொருளை, அதனை மாற்றி எழுதாமலே தொலைவிலிருந்து வழங்குவது மென்பொருள் மெய்நிகராக்கத்தின் சிறப்பு.

கட்டமைப்பை அமைத்தல்

கட்டமைப்பு என்பது கருவி வாங்குவதில் தொடங்குவதில்லை. தேவையை அளப்பதில் தொடங்குகிறது. இருபது இருக்கைகள் கொண்ட ஓர் ஆய்வகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு கணக்கிடுவோம்.

நினைவகம்: சொற்செயலியும் உலாவியும் இயக்க ஒருவருக்கு 4 ஜிபி எனக் கொண்டால், இருபது பேருக்கு 80 ஜிபி. ஹைப்பர்வைசர், இணைப்பு முகவர் முதலிய மேலாண்மைப் பணிகளுக்கு 16 ஜிபி. மொத்தம் 96 ஜிபி. எதிர்பாராத் தேவைக்கும் இடம் விட்டு 128 ஜிபி கொள்வது முறை. நினைவகத்தை உள்ளதைவிட மிகுதியாகப் பங்கிட்டால், சேமிப்பகத்தை நினைவகமாகப் பயன்படுத்த நேரிட்டு அனைவர் திரையும் ஒருசேரத் தளரும்.

மையச் செயலகம்: ஒருவருக்கு இரண்டு மெய்நிகர் உள்ளகங்கள் எனில் மொத்தம் நாற்பது. சேவையகத்தில் உண்மையான உள்ளகங்கள் பதினாறே இருந்தாலும் குறையில்லை. எல்லாரும் ஒரே நொடியில் முழு ஆற்றலையும் கேட்பதில்லை என்பதால் இரண்டரை மடங்கு பங்கீடு தாங்கும்.

சேமிப்பகம்: ஒவ்வொரு மேசைத்தளத்துக்கும் 40 ஜிபி வீதம் தனித்தனியே படியெடுத்தால் 800 ஜிபி தேவை. அதற்கு மாறாக ஒரே மூலப்படிமத்தை 40 ஜிபியில் வைத்து, ஒவ்வொருவருடைய மாற்றங்களுக்கும் 5 ஜிபி ஒதுக்கினால் மொத்தம் 140 ஜிபி போதும். கொள்ளளவைவிட வேகமே இங்கு முதன்மையானது. இருபது பேர் ஒரே நேரத்தில் சிறுசிறு கோப்புகளைப் படிக்கும்போது சுழலும் வன்தட்டு திணறும். எஸ்எஸ்டி வகைச் சேமிப்பகமே ஈடுகொடுக்கும்.

வலையமைப்பு: எழுத்துப்பணிக்கு ஒரு திரைக்கு நொடிக்கு 2 மெகாபிட் எனக் கொண்டால் இருபது திரைக்கு 40 மெகாபிட். அனைவரும் காணொளி பார்க்கும் வகுப்பில் ஒருவருக்கு 10 மெகாபிட் வீதம் 200 மெகாபிட் தேவைப்படும். 100 மெகாபிட் இணைப்பில் இவ்வகுப்பு நடவாது; சேவையகத்திலிருந்து செல்லும் இணைப்பும் சுவிட்ச் கருவியும் 1 கிகாபிட் வேகம் உடையனவாக இருத்தல் வேண்டும். ஆறு அகலமாக இருந்தும் வாய்க்கால் குறுகினால் கடைமடை காயும் என்பது இங்கும் உண்மை.

உரிமம்: ஒவ்வொரு மெய்நிகர் மேசைத்தளத்தில் இயங்கும் இயக்க அமைப்புக்கும் அதன் உரிமத்துக்குரிய விதிகள் உண்டு. ஒரு சேவையகம் என்பதால் ஓர் உரிமம் போதும் எனக் கருதுவது தவறு. லினக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருள்கள் இச்சுமையைக் குறைக்கும்.

பேணுதலே பெரும்பணி

அமைப்பது ஒருமுறை, பேணுவது நாள்தோறும். காலை ஒன்பதரை மணிக்கு வகுப்பு தொடங்குகிறது. இருபது பேரும் ஒரே நேரத்தில் நுழைகின்றனர். இருபது மேசைத்தளங்களும் ஒருசேரத் துயிலெழுகின்றன. மற்ற நேரங்களில் எளிதாக இயங்கும் சேவையகம், அந்தச் சில நிமிடங்களில் தள்ளாடும். இதனை நுழைவு நெரிசல் எனலாம். ஒன்பது மணி முதலே மெய்நிகர்ப் பொறிகளைச் சிலசிலவாக எழுப்பி வைப்பதும், நச்சுநிரல் தேடலையும் புதுப்பித்தலையும் இரவு நேரத்துக்கு மாற்றுவதும் இதற்குத் தீர்வு. நீர் குறைந்த காலத்தில் முறை வைத்து விடும் அதே அறிவே இங்கும் தேவைப்படுகிறது.

அடுத்தது பங்கின் வரம்பு. தலைமடையில் ஒருவர் வாய்க்காலை மறித்துக் கூடுதலாக இறைத்துக்கொண்டால் கீழுள்ள வயல் வாடும். அவ்வாறே ஒருவர் கனமான காணொளியைத் தொகுக்கத் தொடங்கினால் மற்றவர் திரைகள் உறையக்கூடும். ஒவ்வொரு பொறிக்கும் உறுதியாகக் கிடைக்க வேண்டிய குறைந்த அளவையும், மீறக்கூடாத உச்ச அளவையும் ஹைப்பர்வைசரில் வரையறுத்தல் வேண்டும்.

மூலப்படிமத்தைக் கையாளுவதில் மிகுந்த கவனம் வேண்டும். அதில் ஒரு மென்பொருளைச் சேர்த்தால், புதுப்பித்தபின் இருபது மேசைத்தளங்களிலும் அது தோன்றும். இஃது ஒரு வசதி. ஒரு பிழையைச் சேர்த்தாலும் இருபதிலும் அது தோன்றும். ஆகவே, முதலில் ஒரே ஒரு சோதனை மேசைத்தளத்தில் மாற்றத்தைச் செய்து, இரண்டொரு நாள் பயன்படுத்திப் பார்த்தபின்பே அனைவருக்கும் வழங்க வேண்டும். முந்தைய படிமத்தை அழித்தல் கூடாது.

மாணவர் கோப்புகளை மேசைத்தளத்துக்குள் வைக்காமல் தனிக் கோப்பகத்தில் வைப்பது நன்று. பல ஆய்வகங்களில் மேசைத்தளம் ஒவ்வொரு நாளும் தூய நிலைக்குத் திரும்புமாறு அமைக்கப்படும். அப்போது மேசைத்தளத்தில் சேமித்த கட்டுரை மறுநாள் இராது. இதனை முதல் வகுப்பிலேயே மாணவர்க்கு அறிவித்தல் ஆசிரியரின் கடமை.

மேலாளர் கடவுச்சொல்லைப் பொறுப்புடைய இருவர் மட்டும் அறிந்திருத்தல், அதனைச் சுவரில் எழுதி ஒட்டாதிருத்தல், பள்ளியைவிட்டுச் சென்றோரின் கணக்குகளை ஆண்டிறுதியில் நீக்குதல் ஆகியன பாதுகாப்பின் அடிப்படைகள். வெயில் காலத்தில் வாய்க்காலைத் தூர்வாரி வைப்பதுபோல, விடுமுறையில் சேவையகத்தின் தூசியை நீக்கி, யுபிஎஸ் மின்கலத்தைச் சோதித்து, காப்பு நகலிலிருந்து ஒரு கோப்பை மீட்டெடுத்துப் பார்த்தல் வேண்டும். மீட்டுப் பார்க்காத காப்பு நகல், திறந்து பார்க்காத குதிர் போன்றது. உள்ளே நெல் இருக்கிறதா என்பது தேவைப்படும் நாளில்தான் தெரியும்.

தெரிந்து தெளிவோம்

மெய்நிகர்ப் பொறியின் ஒரு கணத்து நிலையைப் பதிந்து வைப்பது நிலைப்பதிவு. மாற்றம் செய்யுமுன் இதனை எடுத்துக்கொண்டால், பிழை நேரின் உடனே திரும்பலாம். ஆனால் நிலைப்பதிவு அதே சேமிப்பகத்தில் தங்குவதால், சேமிப்பகம் பழுதானால் அதுவும் உடன் அழியும். ஆகவே நிலைப்பதிவு காப்பு நகல் ஆகாது. மூன்று படிகள், இருவேறு ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்பது காப்பு நகலுக்கு உலகெங்கும் கூறப்படும் விதி.

முக்கொம்பு தரும் பாடம்

பகிர்வு அமைப்புக்கு ஓர் இடர் உண்டு. எல்லாம் ஓரிடத்தைச் சார்ந்திருப்பதால், அவ்விடம் பழுதானால் எல்லாம் பழுதாகும். தனித்தனிக் கணினிகளுள் ஒன்று கெட்டால் ஒரு மாணவர் மட்டும் எழுந்து நிற்பார். சேவையகம் கெட்டால் வகுப்பே எழுந்து நிற்கும்.

காவிரியும் இதனைக் காட்டியிருக்கிறது. கல்லணைக்கு மேற்கே முக்கொம்பில், ஆர்தர் காட்டன் காலத்தில் 1836இல் எழுந்த மேலணை, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நீரைப் பிரிக்கிறது. 2018 ஆகஸ்டு 22 அன்று இரவு, வெள்ளப்பெருக்கின்போது கொள்ளிடத்தின் பக்கம் ஒன்பது மதகுகள் உடைந்து சரிந்தன. காவிரியில் சென்று பாசனத்துக்கு உதவ வேண்டிய நீரும் கொள்ளிடம் வழியே வீணாகும் நிலை ஏற்பட்டது. மணல் மூட்டைகளையும் பாறைகளையும் அடுக்கித் தற்காலிகத் தடுப்பு அமைக்க இரவு பகலாகப் பாடுபட நேர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், டெல்டா மாவட்டங்களின் பல ஊர்களை நாள்கணக்கில் மின்சாரமின்றி வைத்தது.

இவ்விரு நிகழ்வுகளும் கட்டமைப்பாளருக்கு இரண்டு பாடங்களைத் தருகின்றன. முதலாவது, மாற்று வழி. முடிந்த இடங்களில் இரண்டு சேவையகங்கள் அமைத்து, ஒன்று நின்றால் மற்றொன்று முழுச் சுமையையும் தாங்குமாறு கணக்கிட வேண்டும். இரண்டும் முழு அளவில் நிரம்பியிருந்தால் அவை மாற்று ஆகா. அப்போது இரு மடங்கு சுமை என்பதே மிஞ்சும். இரண்டாவது, ஒழுங்காக நிறுத்தும் முறை. மின்சாரம் நின்றதும் யுபிஎஸ் கொடுக்கும் சில நிமிடங்களில், முதலில் மேசைத்தளங்களும் பின்னர் மேலாண்மைப் பொறிகளும் இறுதியில் சேவையகமும் தாமாகவே அணையுமாறு முன்கூட்டியே அமைத்தல் வேண்டும். இவ்வரிசை தவறினால் கோப்புகள் சிதையும்.

எங்கு வேண்டும், எங்கு வேண்டா

எல்லா நோய்க்கும் ஒரே மருந்து இல்லை. மூன்று நான்கு கணினிகளே தேவைப்படும் இடத்தில் சேவையகத்தின் விலையும் பராமரிப்பும் பயனை மிஞ்சும். அங்கே தனிக் கணினிகளே போதும். முப்பரிமாண வரைகலை, காணொளித் தொகுப்பு ஆகிய பணிகளுக்கு வரைகலை அட்டை பொருத்திய சேவையகம் வேண்டும். அது விலை மிகுந்தது. சேவையகம் தொலைவிலுள்ள தரவு மையத்தில் இருந்து, ஊருக்கு வரும் இணைய இணைப்பு ஒன்றே ஒன்றாக இருந்தால், அவ்விணைப்பு அறுந்த நாளில் பாடம் நடவாது. கருவியைப் பேணுவதற்குப் பயிற்சி பெற்ற ஒருவர் இல்லாத இடத்தில் எவ்வளவு சிறந்த கட்டமைப்பும் நிலைக்காது. மதகு இருந்தும் லஸ்கர் இல்லையெனில் நீர் முறையாகப் பாயாது அல்லவா?

கடைசி இருக்கையின் அளவை

பழைய கணினியை எறியாமல் மெலிமுனையமாக்கி மறுவாழ்வு கொடுக்கலாம். ஒரு மென்பொருளை ஓரிடத்தில் நிறுவி எல்லாருக்கும் வழங்கலாம். வீட்டில் கணினி இல்லாத மாணவரும் நகரத்து மாணவர் பயன்படுத்தும் அதே மென்பொருளைத் தம் ஊர்ப் பள்ளியில் இயக்கலாம். மெய்நிகராக்கத்தின் பயன் இவ்வாறு விரியும். ஆனால் இப்பயன் கருவியோடு சேர்ந்து தானாக வருவதில்லை. அளந்து அமைத்து, வரம்பிட்டு, முறை வகுத்து, தூர்வாரிப் பேணினால் மட்டுமே வரும்.

அது வந்ததா என்பதை அறிய எளிய அளவை ஒன்று உண்டு. காலை ஒன்பதரை மணிக்கு, இருபது இருக்கைகளும் நிரம்பிய வகுப்பில், கடைசி இருக்கையில் அமர்ந்தவர் கடவுச்சொல்லை உள்ளிட்டபின் எத்தனை நொடியில் தம் மேசைத்தளத்தைக் காண்கிறார் என்று அளந்து பாருங்கள். முதல் இருக்கைக்கும் அதற்கும் வேறுபாடு இல்லையெனில், கடைமடைக்கு நீர் சேர்ந்துவிட்டது.

கலைச்சொல் அறிவோம்

மெய்நிகராக்கம் – விர்ச்சுவலைசேஷன்
மெய்நிகர்ப் பொறி – விர்ச்சுவல் மெஷின்
சேவையகம் – சர்வர்
மெலிமுனையம் – தின் கிளையண்ட்
இணைப்பு முகவர் – கனெக்‌ஷன் புரோக்கர்
மூலப்படிமம் – கோல்டன் இமேஜ்
நிலைப்பதிவு – ஸ்னாப்ஷாட்
காப்பு நகல் – பேக்கப்

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளி ஆய்வகத்தில் ஐந்து நாள்கள், முதல் இருக்கையிலும் கடைசி இருக்கையிலும் மேசைத்தளம் திறக்க ஆகும் நேரத்தை அளந்து அட்டவணைப்படுத்துக. வேறுபாடு இருப்பின் அதற்கான காரணங்களைக் குழுவில் கலந்துரையாடுக.

2. உங்கள் ஊரில் நீரைப் பகிர்ந்துகொள்வதற்கு வழங்கும் சொற்களைப் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க. அவற்றுள் கணினித் துறைக்குக் கலைச்சொல்லாகப் பயன்படுத்தத் தக்கவற்றைத் தேர்ந்து, காரணத்துடன் எழுதுக.

குறுவினா

1. ஹைப்பர்வைசர் என்பது யாது? அதன் இரு வகைகளைக் கூறுக.
2. நிலைப்பதிவு காப்பு நகல் ஆகாது – ஏன்?

சிறுவினா

1. நுழைவு நெரிசல் எவ்வாறு ஏற்படுகிறது? அதனைத் தவிர்க்கும் வழிகளை எழுதுக.
2. மையச் செயலகத்தை மிகுதியாகப் பங்கிடலாம். நினைவகத்தை அவ்வாறு பங்கிடல் ஆகாது. விளக்குக.

நெடுவினா

முப்பது இருக்கைகள் கொண்ட ஆய்வகத்துக்கு வேண்டிய நினைவகம், சேமிப்பகம், வலையமைப்பு ஆகியவற்றைப் பாடத்தில் உள்ள முறைப்படி கணக்கிட்டு, அதனைப் பேணுவதற்கான ஆண்டுத் திட்டம் ஒன்றை வகுக்க.